மழைக்கு ஒரு மாத்து பேண்ட்

போன வாரம் சென்னையில இருந்து ஒரு தம்பி போன் பண்ணினார். ஆகஸ்ட்ல நாலு பேரா வால்பாறை வர்றாங்களாம். "அண்ணா, ரெண்டு ஜீன்ஸ் எடுத்துட்டு வர்றேன், போதுமா?"ன்னு கேட்டார். ஒண்ணு கூட வேண்டாம் தம்பின்னு சொன்னேன். அவர் சிரிச்சார். நான் விளையாட்டுக்குச் சொல்லலை. அதான் விவரமா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

ஆழியாறுல இருந்து 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தா எங்க ஊர், சுமார் 3,500 அடி உயரம். பக்கத்துல இருக்கிற சின்னக்கல்லார் தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு. ஜூன்ல பிடிச்சா செப்டம்பர் வரைக்கும் விட்டு விட்டு ஊத்தும். கொடியில போட்ட துணி காயாது, நாத்தம்தான் எடுக்கும். எங்க அப்பா காலத்துல காக்கி அரை டவுசரும், தலையில கோணிச்சாக்குக் கொங்காடையும்தான். காலு நனையும், துணி அவ்வளவா நனையாது. அந்தக் கணக்கு சரிதான். ஆனா சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ரெண்டு காலும் அட்டை கடிச்சு ரத்தமா வழியும்.

பையன் காலேஜ் முடிச்சுட்டு வேலைக்குப் போனப்போ விட்டுட்டுப் போன ஜீன்ஸை வீணாக்க வேண்டாம்னு நான் தோட்டத்துக்குப் போட ஆரம்பிச்சேன். ஒரு மழைக்கே தொடையிடுக்கு உரசி புண்ணாயிடுச்சு. மேடு ஏறினா காலைத் தூக்க முடியலை. சந்தேகம் வந்து மிளகு நிறுக்கிற தராசுல வச்சுப் பாத்தேன். காஞ்ச ஜீன்ஸ் 700 கிராம். நனைஞ்சதைப் பிழிஞ்சு வச்சா ஒன்றரைக் கிலோவைத் தாண்டுது. பருத்தி தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும், லேசுல விடாது. மூணாம் நாளும் இடுப்புப் பட்டை ஈரம்.

அடுத்து பொள்ளாச்சியில ஒரு கடையில பாராசூட் துணியில மழை பேண்ட் வாங்கினேன். தண்ணி உள்ள வராது, எடையும் இல்லை. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா நடந்தா சர்ரு சர்ருன்னு சத்தம்.

ஒரு நாள் காலையில ஆறரை மணி இருக்கும். பத்தடிக்கு மேல கண்ணு தெரியாத மூடுபனி. மிளகுக் கொடி பாக்கப் போயிட்டிருந்தேன். கெண்டைக்கால்ல சுருக்குன்னு அட்டை கடிச்சுது. நின்னு குனிஞ்சு அதை எடுக்கறப்போதான், என் பேண்ட் சத்தம் நின்ன அந்த நேரத்துலதான், முன்னாடி புல்லைப் பிச்சு மெல்லற சத்தம் கேட்டுது. காட்டுமாடு. பெருசு, தனியாள். ஒரு புஸ்ஸுன்னு மூச்சு விட்டுது பாருங்க, வயிறு கலங்கிப் போச்சு. பின்னங்காலாலயே மெதுவா நகர்ந்து வந்துட்டேன். அட்டைக்கு நன்றி சொன்ன ஒரே ஆள் நானாத்தான் இருப்பேன்.

யானைன்னா பரவாயில்லை. 2011ல இருந்து என்.சி.எஃப் ஆளுங்க போன்ல தகவல் அனுப்பறாங்க, அங்கங்க சிவப்பு விளக்கு வச்சிருக்காங்க. காட்டுமாட்டுக்கு நம்ம காதுதான். அந்தக் காதை அடைக்கிற பேண்ட் எனக்கு வேண்டாம். அதை இப்ப நாய் படுக்கக் கூட போடலை, அதுவும் சத்தத்துக்குப் பயப்படுது.

இப்ப நான் போடறது திருப்பூர் காதர்பேட்டையில வாங்கின ட்ராக் பேண்ட். ஏற்றுமதியில மிஞ்சினது, தையல் கோணினது, இதெல்லாம் அங்க குவிச்சு வச்சிருப்பாங்க. 180 ரூபாய்க்கு ஒண்ணுன்னு ரெண்டு எடுத்தேன். மெல்லிசு பாலியஸ்டர், தொட்டா வழவழன்னு இருக்கணும், கசக்கினா சத்தம் வரக் கூடாது. கடையிலயே காது பக்கத்துல வச்சுக் கசக்கிப் பாத்தேன், கடைக்காரப் பையன் ஒரு மாதிரி பாத்தான். உள்பக்கம் திருப்பி கவட்டுத் தையலை ரெண்டு கையால இழுத்துப் பாருங்க, செகண்ட்ஸ் அங்கதான் விடும். காலடியில லாஸ்டிக் இருந்தா சாக்ஸை அதுக்கு மேல இழுத்து விடலாம், அட்டை உள்ள ஏற வழியில்லை. கருப்பு வேண்டாம், அட்டை ஏறறது தெரியாது. சாம்பல் கலர் நல்லது.

தராசுல 220 கிராம். நனைச்சு உதறினா 350. ராத்திரி திண்ணையில போட்டா விடிய உடுத்திக்கலாம். வர்றவங்க பையில இதுல ஒண்ணைச் சுருட்டிப் போட்டா தண்ணி பாட்டில் அளவுகூட இடம் பிடிக்காது.

ஒரே குறை, நெருப்பு ஆகாது. சீக்கிரம் காயட்டும்னு அடுப்புக்கு மேல கட்டின கயித்துல போட்டேன். ஒரு பொறிதான் பட்டுச்சு, முழங்கால்ல எட்டணா அளவுக்கு உருகி ஓட்டை. குளிருக்கு நெருப்பு மூட்டி உக்கார்றவங்க தள்ளியே உக்காருங்க, உருகினா தோலோட ஒட்டிக்கும். அப்புறம், பேண்ட் நல்லா இருக்குன்னு கண்ட காட்டுல ஏறிடாதீங்க. வனத்துறை 2024ல தமிழ்நாடு முழுக்க 40 பாதையைத் திறந்து விட்டிருக்கு. ஆன்லைன்ல பதிவு பண்ணினா கூட ஆள் வருவாங்க.

ஓட்டை விழுந்ததை எங்க வீட்ல ஒட்டுப் போட்டுத் தந்தாங்க. ரெண்டு நாள் கழிச்சுப் பாத்தா, நல்லதா இருந்த இன்னொண்ணைக் காணோம். புடவைக்கு உள்ள போட்டுக்கிட்டு மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு நிக்கறாங்க.

"அது என்னோடதாச்சே"ன்னேன்.

"ஏனுங்க, அட்டை உங்களைய மட்டுந்தான் கடிக்குமாக்கும்?"

முப்பது வருசமா அவங்க புடவையோட ஈரத்துல நின்னதை நான் தராசுல வச்சுப் பாக்கவே இல்லை. அடுத்த மாசம் மிளகு போட பொள்ளாச்சி போறப்போ அப்படியே திருப்பூர் போயிட்டு வரணும். அவங்க இடுப்பளவு என்னன்னு கேட்டேன். "எனக்கென்னங்க தெரியும், இதுவே சரியாத்தான் இருக்குது"ன்னுட்டு அரிவாளை எடுத்துட்டுப் போயிட்டாங்க.