ஆறு தந்தி ஆசை

மேடையில் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஒரே ஆசையில்தான் ஆறு தந்தி பேஸ் கிட்டார் வாங்கினேன். இசைக்காக என்று சொன்னால் பொய். கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, கம்பெனி ஆண்டு விழா என்று ஓடிக்கொண்டிருக்கும் சென்னை ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் பேஸ் வாசிக்கிறேன். பேஸ் வாசிப்பவனை யாரும் பார்ப்பதில்லை. கீபோர்டுக்காரருக்கு இரண்டடுக்கு ஸ்டாண்டு உண்டு, பாடகிக்குப் பட்டுப்புடவை உண்டு. நான் டிரம்ஸுக்குப் பக்கத்தில் நாலு தந்தியோடு நின்று, போட்டோவில் பாதித் தோளாக விழுவேன். அகலமான நெக்கும் ஆறு தந்தியுமாக ஒன்றை மாட்டிக்கொண்டு நின்றால் முன்வரிசையாவது திரும்பிப் பார்க்கும் என்று கணக்குப் போட்டேன்.

பார்க்கவில்லை. ரசிகர்கள் தந்தியை எண்ணுவதில்லை. ஆனால் இத்தனை வருடம் வாசித்தும் என் வாத்தியத்தைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்த பல விஷயங்களை அந்த மலிவுச் சரக்கு சொல்லிக்கொடுத்தது.

நாலு தந்தி என்பது விதி ஒன்றும் இல்லை. 1951-இல் லியோ ஃபெண்டர் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோது, நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபுள் பேஸின் ஈ, ஏ, டி, ஜி என்ற சுருதி வரிசையையே அதற்கும் வைத்தார். நியூயார்க்கின் ஆந்தனி ஜாக்சனுக்கு அது சரியாகப் படவில்லை. கிட்டார் குடும்பத்தில் பிறந்த வாத்தியத்துக்கு ஆறு தந்திதானே முறை என்பது அவர் வாதம். 1975-இல் கார்ல் தாம்ப்சன் என்ற கைவினைஞர் அவருக்காக முதல் வாத்தியத்தைச் செய்து கொடுத்தார். கீழே ஒரு பி, மேலே ஒரு சி. காண்ட்ராபேஸ் கிட்டார் என்று ஜாக்சன் அதை அழைத்தார். அதற்கு முன்பே, 1961-இல், ஃபெண்டர் ‘பேஸ் சிக்ஸ்’ என்று ஒன்றை விற்றது. அது சாதாரண கிட்டாரை ஒரு ஸ்தாயி கீழே இறக்கியது, வேறு ஜாதி. ஜாக்சன், அவருக்குப் பின் ஜான் பட்டிடூச்சி போன்றவர்கள் கையில் இருந்த வாத்தியங்களின் விலைக்கு நம் ஊரில் ஒரு பைக் வாங்கிவிடலாம். நான் வாங்கியது படிப்பு முடிந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு பையனிடமிருந்து, பதினெட்டாயிரத்துக்கு.

“லேசா ஒரு செட்டப் பண்ணினா பிச்சுக்கும்ணே” என்றான். லேசா என்ற சொல்லை அவன் எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று வீட்டுக்கு வந்து ஆம்ப்பில் செருகியதும் தெரிந்தது. தந்தி ஃப்ரெட்டை விட்டு அவ்வளவு உயரத்தில் நின்றது. நெக்கின் ஓரத்தில் கையை ஓட்டினால் ஃப்ரெட் முனைகள் கீறின. பி தந்தி கொடிக்கயிறு மாதிரித் தொளதொளத்தது. கையை எடுத்தால் இரைச்சல், வைத்தால் பாதி இரைச்சல்.

தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்தான் மட்டம் என்று முடிவு கட்டி, நல்ல பிக்கப் போட எவ்வளவு ஆகும் என்று கேட்கக் கிட்டார் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் பிக்கப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்பாக்கியில் குறி பார்ப்பவர் போல ஒரு கண்ணை மூடி, நெக்கின் நீளத்தைப் பார்த்தார்.

“பிக்கப்ப மாத்தச் சொன்னது யாரு தம்பி? முதல்ல கழுத்தப் பாரு. நான் செஞ்சு குடுத்தா காசு வாங்கிப்பேன். ஆனா மழைக்காலம் வந்தா மறுபடி இங்கதான் வந்து நிப்பே. கத்துக்கோ.”

அவர் சொன்ன கணக்கு எளிமையானது. நாலு தந்தி பேஸுக்கும் அதே தரத்து ஆறு தந்தி பேஸுக்கும் விலை வித்தியாசம் கொஞ்சம்தான். ஆனால் ஆறு தந்திக்கு இரண்டு கீ அதிகம், பிரிட்ஜில் தந்தியைத் தாங்கும் சேடில் இரண்டு அதிகம், அகலமான பிக்கப், அகலமான மரம். இதையெல்லாம் கொடுத்துவிட்டு விலையையும் கட்டுக்குள் வைக்க வேண்டுமென்றால் கைவேலையில்தான் கை வைக்க முடியும். ஃப்ரெட்டைச் சமன் செய்வது, நட்டில் பள்ளம் அறுப்பது, சேடில் வைப்பது எல்லாம் ஒரு மனிதன் உட்கார்ந்து நேரம் செலவழிக்க வேண்டிய வேலைகள். மலிவு வாத்தியம் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் முடிக்காமல் விட்ட வாத்தியம். மிச்ச வேலை வாங்கியவன் தலையில்.

நெக்கிலிருந்து தொடங்கினேன். நெக் முழு நேராக இருக்கக் கூடாது. மயிரிழை அளவு உள்வாங்கியிருக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால் தந்தியே நேர்கோடாகிவிடும். நடுவில், ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம், தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். அளக்கும் கருவிக்கு அலைய வேண்டாம். பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ் போதும். 0.35 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. என்னுடையதில் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது. ஆறு தந்தியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு நூறு கிலோவைத் தாண்டும். அதற்கு எதிராக நெக்குக்குள் இருக்கும் இரும்புக் கம்பிதான் ட்ரஸ் ராட். சில ஆறு தந்தி பேஸ்களில் இரண்டு ராடு வைப்பார்கள். என்னுடையதில் ஒன்றே ஒன்று. ஆலன் கீயைப் போட்டு வலப்பக்கமாகக் கால் சுற்று, பிறகு சுருதி சேர்த்து, மரம் அடங்கும்வரை பொறுத்திருந்து மறுபடி அளப்பது. அவசரக்காரர்கள் இங்கேதான் ராடை முறிப்பார்கள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு நிலை, ஏசி மண்டபத்தில் ஒரு நிலை என்று மரம் மாறிக்கொண்டேதான் இருக்கும். பெரியவர் மழைக்காலம் என்று சொன்னதன் பொருள் அதுதான்.

அடுத்தது நட். ஹெட்டுக்குக் கீழே தந்திகள் உட்காரும் அந்தச் சிறு துண்டில் பள்ளங்களை ஆழமாக அறுக்காமல் விட்டிருந்தார்கள். பள்ளம் உயரமாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் அழுத்தும்போது தந்தி அதிகமாக வளைந்து சுருதி ஏறிவிடும். திறந்து வாசித்தால் சரியாக இருக்கும் சுருதி, முதல் இரண்டு ஃப்ரெட்டில் மட்டும் தப்பும். எந்த ட்யூனராலும் அதைச் சரி செய்ய முடியாது. இதற்கென்று விற்கும் அரங்கள் என் பேஸ் விலைக்குப் பக்கத்தில் போய் நிற்கும். ஹார்ட்வேர் கடையில் வெல்டிங் நாசில் சுத்தம் செய்யும் ஊசிக் கொத்து ஒன்று கிடைக்கிறது, சொரசொரப்பான கம்பிகளாக. மெல்லிய தந்திகளின் பள்ளத்துக்கு அது சரியாகப் பொருந்தியது. பி தந்தி 3.3 மில்லிமீட்டர் தடிமன். அதற்கு ஊசி போதவில்லை. கழற்றிப் போட்ட பழைய பி தந்தியில் ஒரு துண்டை வெட்டி, அதையே ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் இழுத்தேன். மேலே சுற்றியிருக்கும் கம்பியின் வரிகள் நன்றாகவே அறுக்கின்றன. இரண்டு இழுப்பு, தந்தியை மாட்டிப் பார்ப்பது, மறுபடி கழற்றுவது. பள்ளம் ஒரு மயிரிழை அதிகமாகிவிட்டால் திறந்த தந்தி ஃப்ரெட்டில் இடித்துக் கரகரக்கும். பிறகு புது நட்தான் போட வேண்டும்.

சேடிலைக் கடைசி வரை இறக்கியும் தந்தி தாழவில்லை. நெக்கைக் கழற்றி, அது உட்காரும் குழியின் உள்பக்க ஓரத்தில் கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வைத்து மறுபடி முடுக்கினேன். நெக் ஒரு இம்மி பின்னால் சாய்ந்தது. இப்போது 12-வது ஃப்ரெட்டில் சி தந்தி 2 மில்லிமீட்டர், பி தந்தி இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். அதற்குக் கீழே இறக்கினால் என் கை வேகத்துக்குத் தந்தி ஃப்ரெட்டில் அடிக்கிறது.

வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்திருப்பார்கள். சுருதி பிசகினால் மெட்டையே நகர்த்திக்கொள்ளலாம். கிட்டாரில் ஃப்ரெட் மரத்தில் அடித்து இறக்கியது, அசையாது. அதனால் தந்தியின் நீளத்தைத்தான் மாற்ற வேண்டும். 12-வது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் சுருதியும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னுக்கு நகர்த்த வேண்டும். தடித்த தந்திக்கு அதிகம் நகர்த்த வேண்டியிருக்கும். என் பி தந்தியின் சேடில் பின்னால் போய் ஸ்பிரிங்கில் இடித்து நின்றுவிட்டது. சுருதியோ இன்னும் ஏறித்தான் இருந்தது. ஸ்பிரிங்கைக் கழற்றிப் பாதியாக வெட்டினேன். சேடில் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

அப்போதும் பி தெளிவாகப் பேசவில்லை. பெரியவருக்கு போன் போட்டேன். “சேடிலுக்கு முன்னாடி கட்டை விரலால அழுத்துப்பா. நட்டுக்கு முன்னாடியும் அப்படியே” என்றார். அவ்வளவுதான். தடித்த தந்தி சேடிலைத் தாண்டும்போது மடங்காமல் வளைந்தே கிடக்கும். அதிர்வு எங்கே தொடங்குகிறது என்று தந்திக்கே நிச்சயம் இருக்காது. அழுத்தி மடக்கியதும் மங்கலாக இருந்த ஒலிக்கு ஒரு முனை வந்தது. காசில்லாத வைத்தியம். புதுத் தந்தி மாட்டும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திறந்த பி தந்தியின் அதிர்வு சுமார் 31 ஹெர்ட்ஸ். வீட்டில் வைத்திருக்கும் சின்ன ஆம்ப்பின் ஸ்பீக்கர் அதைக் கொடுக்கவே கொடுக்காது. 62, 93 என்று மேலே வரும் கிளை ஒலிகளைக் கேட்டுக் காது தானாகவே அடியை நிரப்பிக்கொள்கிறது. சின்ன ஆம்ப்பில் கேட்டுவிட்டு பி தந்தியைக் குறை சொல்லாதீர்கள்.

ஃப்ரெட் வேலையைப் பெரியவரிடமே விட்டேன். முனைகளை மட்டும் நான் அரம் போட்டு மழுக்கினேன். எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று சொல்லிக்கொள்ளும் வீம்பு இதில் தேவையில்லை.

எலெக்ட்ரிக்கல் சமாச்சாரத்துக்கு ரிச்சி தெரு. உள்ளே 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் இருந்தது. இந்த வகையில் ஜாக்கைச் செருகினாலே பேட்டரி ஓடத் தொடங்கும். கச்சேரி முடிந்து கேபிளைப் பிடுங்காமல் வைத்தால் அடுத்த கச்சேரி நடுவில் சத்தம் நசுங்கி, பிறகு நின்றுபோகும். பாட்டின் நடுவே அந்த அவமானத்தைப் பட்ட பிறகு ப்ரீஆம்ப்பைத் தூக்கிவிட்டு இரண்டு வால்யூம், ஒரு டோன் என்று எளிமையாக்கினேன். வால்யூமுக்கு ‘ஏ’ எழுத்துப் போட்ட 500 கே பாட் வாங்க வேண்டும். கேட்காமல் வாங்கினால் ‘பி’ கையில் வரும். அதில் சத்தம் படிப்படியாக ஏறி இறங்காது, கடைசியில் பொத்தென்று விழும். குழிகள் முழுவதும் செப்பு டேப் ஒட்டி, இணைப்புகளில் சால்டர் வைத்து, பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரையும் மல்ட்டிமீட்டரில் சரிபார்த்தேன். சீரியல் லைட்டும் டிம்மரும் கிளப்பும் இரைச்சல் முக்கால்வாசி அடங்கியது.

திருவிழா மேடையில் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் தந்திகள் எல்லாம் எர்த்தோடு இணைந்தவை. ஜெனரேட்டர் லைனில் எர்த் சரியில்லையென்றால் மைக்கில் வாய் வைக்கும்போது ஷாக் அடிக்கும். முதலில் டெஸ்டர் வைத்துப் பாருங்கள்.

பிக்கப்பை இன்றுவரை மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்ற ஆசையும் போய்விட்டது. தந்திக்கும் பிக்கப்புக்கும் உள்ள உயரத்தைத் திருகித் திருகி வைத்ததிலேயே ஆறு தந்தியும் ஒரே அளவில் பேசுகின்றன.

மாற வேண்டியிருந்தது என் கைதான். ஆறு தந்தியில் ஒன்றை வாசித்தால் மற்ற ஐந்தும் சேர்ந்து முணுமுணுக்கும். வலக்கைக் கட்டை விரலை பிக்கப் மேல் ஊன்றி வைக்கும் பழக்கத்தை விட்டு, மேலே போகப் போகக் கீழ்த் தந்திகளின் மேல் படுக்க வைத்து அவற்றை அமர்த்தப் பழக வேண்டியிருந்தது. வாத்தியத்தைச் சரி செய்ததை விட இதற்குத்தான் அதிக நாள் பிடித்தது. நாலு தந்தியில் வராத சுத்தம் ஆறில் வராது.

இப்போது இதை மேடைக்குக் கொண்டுபோகக் காரணம் வேறு. எங்கள் பாடகிக்குத் தொண்டை சரியில்லாத நாளில், “அண்ணா, ஸ்கேல் ஒரு டோன் இறக்கிக்கலாமா?” என்பார். நாலு தந்தியில் ஈ-க்குக் கீழே தரை முடிந்துவிடும். பாட்டின் அடிச் சுரத்தை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வாசித்து ஒப்பேற்ற வேண்டும். ஆறு தந்தியில் அதே விரல் அமைப்பை அப்படியே பி தந்திக்கு இறக்கிக்கொள்ளலாம். மேலே இருக்கும் சி தந்தியை எப்போதாவதுதான் தொடுகிறேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கணக்குப் பார்த்தால் எனக்கு ஐந்து தந்தியே போதும்.

அப்படியும் ஆறுதான் வேண்டும் என்று செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவர்கள், ஒரு ஸ்டீல் ஸ்கேலையும் ஆலன் கீ செட்டையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். உட்கார்ந்து மாட்டிப் பார்க்காமல் நின்று மாட்டிப் பாருங்கள். ஆறு கீ சுமக்கும் ஹெட் கீழே சாயும், உங்கள் தோள் அதைத் தாங்க வேண்டும். நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு ட்ரஸ் ராடை ஒரு இம்மி திருப்பிப் பாருங்கள். தந்தி, நட், பாட், ஒயர் எது கெட்டிருந்தாலும் வாங்கலாம். ராடு திரும்பவில்லை என்றால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.