வசைமொழிக்குப் பொலிஸ் வேண்டுமா?

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பது பழமொழி. முன்னாளில் சந்தையிலும் கிணற்றடியிலும் ஒலித்த அவ்வூர்வாய், இன்று கைத்தொலைபேசிக்குள் குடிபுகுந்துவிட்டது. முகநூலில் ஒருவர் எழுதும் தகாத சொல், நொடிப்பொழுதில் நாடெங்கும் பரவுகிறது. அச்சொல் நம் மனத்தைப் புண்படுத்துமாயின், பொலிஸாரிடம் முறையிடுவதுதான் தக்க வழியோ?

சொல்லுக்குத் தீயின் ஆற்றல் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்திலே திகனையிலும் அயலூர்களிலும் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முகநூலிற் பரவிய வெறுப்புரைகள் அத்தீக்கு நெய் வார்த்தன. தன் தளம் அவ்வாறு பயன்பட்டமைக்காக 2020 மே மாதத்தில் அந்நிறுவனமே மன்னிப்புக் கோரியது. "அடியுங்கள், கொளுத்துங்கள்" என்று கூட்டத்தை ஏவுபவனைச் சட்டம் தடுத்தேயாகவேண்டும்.

ஆயின் நடந்தது யாது? வெறுப்புரையைத் தடைசெய்யும் பிரிவைக் கொண்டு 2007இல் இயற்றப்பட்ட 56ஆம் இலக்கச் சட்டம் வேறு சிலர்மீது பாய்ந்தது. சிங்கள எழுத்தாளர் சக்திக சத்குமார, முகநூலில் வெளியிட்ட ஒரு சிறுகதைக்காக 2019 ஏப்ரலிற் கைதாகி, நான்கு மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். 2021இல் வழக்கு கைவிடப்பட்டது. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்க்கவேண்டும் என்றெழுதிய ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவரோ, 2020இல் ஐந்து மாதங்களுக்கு மேல் அடைபட்டார். அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2023 நவம்பரிலேதான். தீர்ப்பு வந்தது, இழந்த மாதங்கள் வந்தனவா?

தவறு எங்கே உளது? மனப்புண்ணை அளக்கக் கோலொன்று இல்லை. ஒருவருக்குப் பகடியாய்த் தோன்றுவது மற்றவருக்கு நிந்தனையாகும். அதனைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பொலிஸாரிடம் விட்டால், உரத்துக் கூவுவோரின் முறைப்பாடே முதலில் ஏறும். எளியவனின் குரல் வாசலிலேயே நின்றுவிடும். 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் நிறைவேறியது. சட்டங்கள் பெருகும்போது எல்லைக்கோடு தெளிவாக இருத்தல் இன்னும் இன்றியமையாததாகின்றது.

எல்லை இதுவெனக் கொள்வோம். உயிருக்கு அச்சுறுத்தல், வன்செயலுக்குத் தூண்டுதல், ஒரு பெண்ணின் அந்தரங்கப் படத்தைப் பரப்பி மிரட்டுதல் ஆகியவற்றுக்குப் பொலிஸார் விரைந்து வரட்டும். அங்கே தாமதமே குற்றம். வெறும் வசைக்கும், பகடிக்கும், நமக்கு ஒவ்வாத கதைக்கும் விலங்கு வேண்டாம். மறுப்புரையும் புறக்கணிப்புமே அவற்றுக்குப் போதிய மருந்து.

மாணவச் செல்வங்களே, எழுதுமுன் ஒருகணம் எண்ணுங்கள். பிறர் எழுதியதைப் பரப்புமுன் இருகணம் எண்ணுங்கள். பெற்றோரே, நாவடக்கத்தை வீட்டிலேயே பழக்குங்கள். அதனைப் பொலிஸ் நிலையத்திற் கற்பிக்க எவராலும் இயலாது.