கும்மிடிப்பூண்டியிலிருந்து கப்பல் ஏறினோம்!

எங்கள் ஊரை ரயிலில் கடந்து போகிறவர்கள் புகைபோக்கிகளைத்தான் பார்த்திருப்பார்கள். கும்மிடிப்பூண்டி என்றால் சிப்காட். சிப்காட் என்றால் இரும்பு உருக்கும் ஆலைகள், ஷிப்டு மாறும்போது ஊதும் சங்கு, ஜி.என்.டி. ரோட்டில் ஓயாத லாரிகள். காலையில் துடைத்த ஜன்னல் கம்பியை மாலையில் தொட்டால் விரலில் கரி ஒட்டும். இந்த ஊரில் இருபத்தைந்து வருஷம் குடித்தனம் நடத்திய எனக்குக் கப்பல் பயணமா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் முதலில் சிரிக்கத்தான் செய்தேன்.

2022 ஜூன் மாதம். நைட் ஷிப்டு முடிந்து வந்த என் வீட்டுக்காரர், டிபன் காரியரைக்கூடக் கீழே வைக்காமல் ஒரு பேப்பர் துண்டை நீட்டினார். சென்னைத் துறைமுகத்திலிருந்து சொகுசுக் கப்பல் ஒன்று கிளம்புகிறது, ஜூன் 4-ஆம் தேதி முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார் என்று செய்தி. கார்டீலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ என்ற கப்பல். 1990-இல் பிரான்சில் கட்டியது, பதினொரு மாடி, நீளம் இருநூறு மீட்டருக்கும் மேல்.

“ஆவணி வந்தா நமக்குக் கல்யாணமாகி இருபத்தஞ்சு வருஷம். எல்லாக் கோவிலுக்கும் போயாச்சு. இந்தத் தடவை கடல்ல ரெண்டு பேரும் போயிட்டு வரலாமா?” என்றார்.

“அடுப்பில பால் இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

பால் பொங்கவில்லை. என் மனசுதான் பொங்கியது. 2011 டிசம்பர் 25-ஐ எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பழவேற்காட்டுக்கு உல்லாசமாகப் போனவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் போய்விட்டார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் அடக்கம். படகு தாங்கக்கூடிய அளவை மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். அதன் பிறகு அங்கே சுற்றுலாப் படகுச் சவாரிக்கே தடை வந்தது. அன்றிலிருந்து எனக்குத் தண்ணீரில் மிதப்பது எதுவாக இருந்தாலும் அடிவயிறு கலங்கும். இதை நான் இவரிடம் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவரும் கேட்டதில்லை.

கேட்டது என் மாமியார்தான். அவருக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. சின்ன வயதில், பினாங்கில் வேலையில் இருந்த அப்பாவைப் பார்க்க, தன் அம்மாவோடு ‘ரஜுலா’ கப்பலில் போனவர். அந்தக் காலத்துக் குடும்பங்களுக்கு ரஜுலாவைச் சொன்னால் தெரியும். 1926-இல் கட்டிய கப்பல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடிக்கொண்டிருந்தது. காசு குறைந்தவர்களுக்கு மேல்தளத்தில் பாய்தான்.

“நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராதும்மா. தோணியில போய் நடுக்கடல்ல ஏறணும். எங்கம்மா ஏறினதும் முதல்ல பாய் விரிக்க எடம் தேடினா. ‘முன்னால போனா தூக்கிப் போடும், பின்னால போனா மிஷின் அதிரும், நடுவுல விரி’ன்னு ஒரு பெரியவர் சொன்னாராம். நீ தண்ணிக்குப் பயப்படறது தப்பில்ல. ஆனா பயத்தை வாய்க்குள்ளயே வெச்சிருந்தா அவனுக்கு எப்படித் தெரியும்?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே இவரிடம், “பழவேற்காடு வரைக்கும் போயிட்டு வருவோம். கப்பல் பேச்சை அங்க வெச்சுப் பேசலாம்” என்றேன். பொன்னேரி போய் அங்கிருந்து பஸ் பிடித்தோம்.

சென்னையைச் சேர்ந்தவர்கள்கூடப் பழவேற்காட்டைச் சரியாகப் பார்த்திருப்பார்களா தெரியவில்லை. உப்பும் நன்னீரும் கலந்த ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே பெரியது இதுதான். பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்கோடிதான் நம்முடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடப்பது ராக்கெட் விடும் ஸ்ரீஹரிகோட்டா. குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். நாங்கள் போன ஜூன் வெயிலில் காகமும் கொக்கும்தான். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா என்ற கோட்டை கட்டி, சோழமண்டலக் கரை வியாபாரத்தையே இங்கிருந்து நடத்தினார்கள். கோட்டை போய்விட்டது, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அதன் வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கின்றன. மாதக்கணக்கில் கப்பலில் வந்து இந்த மண்ணிலேயே தங்கிவிட்டவர்கள் உள்ளே உறங்குகிறார்கள்.

“இதைக் காட்டிட்டா என்னைக் கப்பலுக்குக் கூப்பிடப் போறீங்க?” என்றேன். அவர் சிரிக்கவில்லை. “உனக்கு அந்தப் படகு ஞாபகம்தானே?” என்றார். பதினோரு வருஷமாகச் சொல்லாததை அங்கே ஒரு வேப்பமர நிழலில் உட்கார்ந்து சொல்லி முடித்தேன்.

திரும்பும்போது நண்டு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் வீட்டில் மூன்று தலைமுறையாகப் படகு. “உங்களுக்குப் பயமில்லையாம்மா?” என்றேன். “பயமில்லாம என்னா? எத்தினி பேரு ஏறலாம், காத்து எப்பிடி இருக்கு, ரெண்டையும் கேட்டுட்டுத்தான் ஏறணும். கேக்க வெக்கப்பட்டா முடியுமா?” என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் எனக்குத் தெம்பு கொடுத்தது. வீட்டுக்கு வந்ததும் மகளின் பழைய நோட்டில் நடுவே கோடு போட்டோம். ஒரு பக்கம் அவர் ஆசைப்படுவது, மறுபக்கம் நான் பயப்படுவது. அவர் பக்கம்: கரை தெரியாத கடல், சூரியோதயம், இரண்டு நாள் சங்கு ஊதாத தூக்கம். என் பக்கம்: கவிழ்ந்தால் என்ன செய்வது, வாந்தி, சாப்பாடு, செலவு, அத்தையை விட்டுவிட்டு எத்தனை நாள்.

எங்கள் முன்னால் மூன்று வழி இருந்தது. முதலாவது ஆலப்புழை படகு வீடு. காயலில் மெதுவாகப் போகும், கரை கண்ணிலேயே இருக்கும். ஆனால் அவர் கேட்ட கடல் அதில் இல்லை. இரண்டாவது, சென்னையிலிருந்து விசாகப்பட்டினம், புதுச்சேரி போய்த் திரும்பும் ஐந்து இரவுப் பயணம். மூன்றாவது, எந்த ஊரிலும் நிற்காமல் கடலில் சுற்றிவிட்டு வரும் இரண்டு இரவுப் பயணம்.

ஐந்து இரவை முதலில் தள்ளினோம். அத்தனை நாள் அவருக்கு லீவு கிடைக்காது, முதல் பயணத்திலேயே உடம்புக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் நடுவில் இறங்கவும் முடியாது. இன்னொன்றும் கவனித்தோம். அந்த ஜூனில் கப்பல் புதுச்சேரியில் நிற்கப் புதுச்சேரி அரசு அனுமதி தரவில்லை. அட்டவணையில் ஊர் பேர் இருந்தால் போதாது. அங்கே கட்டாயம் இறக்கிவிடுவார்களா, இல்லாவிட்டால் பணத்துக்கு என்ன வழி என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு மாதம். தென்மேற்குப் பருவக் காற்றில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மும்பைப் பக்கக் கடல் கொந்தளிக்கும். அதனால்தான் கப்பல் அந்த மாதங்களில் நம் பக்கம் வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் நம் வங்கக் கடல் புயல் கடல். ஆக, எங்கள் ஆவணி நல்ல மாதமாகவே அமைந்தது.

அறை விஷயத்தில் சின்னச் சண்டையே வந்தது. அவருக்கு மேல்மாடியில் பால்கனி வைத்த அறை வேண்டும். ஜன்னலே இல்லாத உள் அறைதான் மலிவு, அது போதும் என்றேன் நான். அத்தை தீர்ப்புச் சொன்னார்: “நடுவுல பாரு, கீழ் மாடியா பாரு, ஜன்னல் இருக்கட்டும்.” மேலே போகப் போகவும், முன்பின் ஓரங்களிலும் ஆட்டம் அதிகம், நடுவில் கீழ்த்தளத்தில் குறைவு என்று கப்பல் தெரிந்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

விலை கேட்டபோது ஓர் ஏஜெண்ட், “அதெல்லாம் நீங்க ஏன் மேடம் கவலைப்படறீங்க?” என்றே எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., சிப்பந்திகளுக்கான டிப்ஸ் இவையெல்லாம் தனி என்பது கடைசியில்தான் தெரிந்தது. அவரை விட்டுவிட்டு, பொறுமையாகப் பதில் சொன்ன இன்னொருவரிடம் டிக்கெட் எடுத்தோம். என் சீட்டுப் பணமும் அவருடைய போனஸில் கொஞ்சமும் போயிற்று.

அந்த நாட்களில் நான் தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என் பயத்தைப் பாதியாக்கியது. பழவேற்காட்டு விபத்து நடந்து பத்தொன்பதாவது நாள், 2012 ஜனவரி 13 அன்று, இத்தாலியில் ‘கோஸ்டா கன்கார்டியா’ என்ற பிரம்மாண்டமான கப்பல் பாறையில் இடித்துச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய பலருக்கு அபாயப் பயிற்சியே நடக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி. அதற்குப் பிறகு உலகம் முழுவதற்கும் விதியை மாற்றினார்கள். பயணிகளுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும், அல்லது புறப்பட்ட உடனே கொடுக்க வேண்டும். ஆக, கப்பலும் விபத்துக்கு அப்பாற்பட்டது இல்லை. ஆனால் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல அங்கே ஒரு முறை இருக்கிறது.

கிளம்பும் நாள். மகள் வந்து பாட்டியோடு தங்கினாள். பீச் ஸ்டேஷன் போகும் மின்சார ரயிலில் ஏறினோம். கவரைப்பேட்டை, பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று தினம் பார்க்கும் ஊர்கள்தான். மடியில் சூட்கேஸ் இருந்ததால் எல்லாம் புதுசாகத் தெரிந்தன. பீச் ஸ்டேஷனுக்கு எதிரிலேயே துறைமுகம். இருவரும் ஆதார் அட்டையைக் காட்டி, பரிசோதனை முடிந்து ஏறினோம்.

கப்பலில் அபாயச் சங்கு ஊதியது. ஏழு முறை குட்டையாக, ஒரு முறை நீளமாக. “நம்ம ஃபாக்டரி மாதிரியே இருக்கு” என்றார் இவர். எங்கள் அறையிலிருந்து எந்தப் படிக்கட்டு, எந்த உயிர்காப்புப் படகு என்று சிப்பந்திப் பெண் காட்டினாள். “லைஃப் ஜாக்கெட்டை நான் ஒரு தடவை கட்டிப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிலர் சிரித்தார்கள். அவள் சிரிக்காமல் கட்டிவிட்டாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சின்னப் பெண், கைக்குழந்தைக்காரி, “குழந்தைக்கு அளவா இருக்கா?” என்று உடனே கேட்டாள். அதுவும் இருந்தது.

மாலையில் கப்பல் நகர்ந்தது. வடக்கே எண்ணூர்ப் பக்கத்து விளக்குகள் வரிசையாகத் தெரிந்தன. அதற்கும் அப்பால் பழவேற்காடு, அதற்கும் உள்ளே நம் வீடு என்று இருட்டில் கையைக் காட்டினார் இவர்.

மறுநாள் வேடிக்கையைக் கேளுங்கள். கடலுக்கு ஆசைப்பட்டவர் தலை சுற்றிப் படுத்துவிட்டார். பயந்தவள் குத்துக்கல் மாதிரி இருந்தேன்! இஞ்சி மொரப்பாவும், டாக்டரிடம் கேட்டு வாங்கிப் போயிருந்த மாத்திரையும் கொடுத்து, மேல்தளத்துக்கு அழைத்துப் போய், வானமும் கடலும் சேரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னேன். மத்தியானம் தயிர் சாதம் சாப்பிடும் அளவுக்குத் தேறிவிட்டார். சைவச் சாப்பாடு தாராளமாகக் கிடைத்தது. சூதாட்ட அறை, மது எல்லாம் இருக்கின்றன. வேண்டாதவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டியதில்லை.

அன்று சாயங்காலம் சுற்றிலும் கரையே இல்லை. இருபத்தைந்து வருஷத்தில் இத்தனை நேரம் சேர்ந்தாற்போல் நாங்கள் பேசியதே இல்லை.

உங்களில் யாராவது முதல் தடவை கப்பலுக்கு நினைத்தால், என் நோட்டிலிருந்து சில வரிகள். முதல் பயணம் இரண்டு, மூன்று இரவு போதும். மொத்தச் செலவை எழுத்தில் கேளுங்கள். வாந்தி மாத்திரையைக் கப்பல் ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. முன்கூட்டியே போட வேண்டும், தூக்கம் வரும், டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. பெரும்பாலான கப்பல் கம்பெனிகள் 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளையும், ஆறு மாதம் நிறையாத குழந்தைகளையும் ஏற்றுவதில்லை. தினப்படி மருந்துகளைக் கைப்பையிலேயே வையுங்கள். 2023-இலிருந்து சென்னையிலிருந்து இலங்கைக்கும் கப்பல் பயணம் நடந்திருக்கிறது. அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். எந்தக் கப்பல், எந்த மாதம் என்பது வருஷத்துக்கு வருஷம் மாறும், விசாரித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், இருவரும் உட்கார்ந்து அந்த நடுக்கோட்டைப் போடுங்கள். ஆசையை மட்டும் எழுதாமல் பயத்தையும் எழுதுங்கள்.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தை உள்ளிருந்து கேட்டார்:

“நடுவுலதானே பாய் விரிச்சீங்க?”

“ஆமா அத்தை, நடுவுலதான்” என்றேன்.