மலை ஏறும் எஞ்சின்கள்

பதுளைக்கு 1924-ஆம் ஆண்டு ரயில் பாதையைக் கொண்டுவந்து சேர்த்த பொறியியலாளர்கள், தெமோதரையில் மலையின் செங்குத்து தங்கள் யந்திரங்களுக்குத் தாங்காதென்று கண்டு, பாதையை ஒரு குன்றைச் சுற்றி வளைத்து அந்த நிலையத்தின் அடியிலேயே சுரங்க வழியாகச் செலுத்தி, ஏற்றத்தின் கடுமையைத் தணித்தார்கள். மோட்டார் வீதிக்கு அத்தனை நிதானமான ஏற்றம் வாய்க்கவில்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 680 மீட்டர் உயரத்திலுள்ள பதுளையை விட்டுப் புறப்படும் ஒரு கார், ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை என்று ஏறி, 1,400 மீட்டரைத் தாண்டிய அப்புத்தளையை நாற்பது கிலோமீட்டர் அளவிலேயே எட்டியாக வேண்டும். தோட்டங்களுக்குள் போகும் கொழுந்து லொறிகளோ பாரத்தோடு, முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே தங்கள் ஆயுளைக் கழிக்கின்றன. இலங்கையின் இந்த ஊவாப் பகுதியில் எஞ்சின் பழுதுபார்க்கும் தொழில் பிற இடங்களைவிடச் சற்று நுட்பமாக வளர்ந்திருப்பதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் அபிப்பிராயம்.

அந்தத் தொழிலைப் பிரத்தியட்சமாகக் காண வேண்டுமென்ற ஆவலோடு, பதுளை நகரத்தின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ் நடக்கும் ஒரு கராஜில் சில நாட்கள் காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தேன். அதை நடத்துபவர் அறுபதை நெருங்கியவர். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்தவர். ஊரில் எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றே அழைக்கிறார்கள். நான் போயிருந்த சமயத்தில், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருடைய பழைய ஜப்பானிய வேகன் ஒன்று, வேறொரு வாகனத்தால் கட்டி இழுக்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தது. பண்டாரவளை ஏற்றத்தில் உஷ்ணமானியின் முள் உச்சிக்கு ஏறி, பானெட்டின் இடுக்குகளில் ஆவி கிளம்பி, எஞ்சின் உதறி நின்றுவிட்டதாக அவர் சொன்னார்.

பாஸ் உடனே பானெட்டைத் திறக்கவில்லை. ஒரு ஸ்டூலைக் காட்டி அவரை உட்காரச் சொல்லிவிட்டு, “சேர், தண்ணி இதுக்கு முந்தி கொறைஞ்சிச்சா?” என்று கேட்டார்.

“கொஞ்சம் கொறையும் பாஸ். வாரத்துக்கு ஒரு போத்தல் ஊத்துவேன்.”

“எத்தன மாசமா?”

ஆசிரியர் யோசித்து, மழைக்கு முன்பிருந்தே என்றார். பிறகு பாஸ், காலையில் முதன்முதல் ஸ்டார்ட் செய்யும்போது புகை எந்த நிறத்தில் வந்தது, ஒயில் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, எஞ்சின் நின்ற பிறகு சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினார்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கை அழுக்காவதற்கு முன்பே பாதி வேலையை முடித்துவிடும் அந்த விசாரணையின் சிரத்தை என்னை வெகுவாகக் கவர்ந்தது. வாகனத்தைக் கண்டதும் ஸ்பானரை எடுப்பவன் பல சமயங்களில் கெடாத பாகத்தையே மாற்றிக்கொண்டிருப்பான்.

கையாளாக இருந்த பையன் ஒயில் மூடியைத் திருகியெடுத்து, உட்புறத்தில் படிந்திருந்த வெண்மையான நுரையைக் காட்டி, “பாஸ், கேஸ்கட் போயிருச்சு” என்றான். “அவசரப்படாத. இந்தக் குளிருக்கு, கிட்ட கிட்ட ஓடுற வண்டியில மூடி வெளுக்கும். டிப்ஸ்டிக்க எடு” என்றார் அவர். குளிர்ந்த மலைப் பிரதேசத்தில் எஞ்சின் முழுவதும் சூடாகாமலே சிறு தூரங்கள் ஓடும் கார்களில், காற்றின் ஈரம் மூடியில் நீர்த்துளிகளாகப் படிந்து ஒயிலோடு கலந்து நுரைப்பது சகஜம். சமவெளியில் நிச்சயமான சாட்சியாகக் கொள்ளப்படும் ஒன்று இங்கே வெறும் சந்தேகத்துக்கு மட்டுமே இடமளிக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தபோதோ, ஒயில் அடிவரை வெளுத்துக் குழம்பியிருந்ததோடு, அதன் மட்டமும் மேல்கோட்டைக் கடந்து உயர்ந்திருந்தது.

அதன் பின்னரும் அவர் திருப்தியடையவில்லை. நான்கு ப்ளக்குகளையும் கழற்றி வரிசையாக வைத்தார். மூன்றில் வழக்கமான பழுப்பும் கரியும் இருக்க, மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் நீராவியால் கழுவியதுபோல் சுத்தமாக இருந்தது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்ததில், முதலாவதும் நான்காவதும் ஏறத்தாழ 150 காட்ட, நடுவிலுள்ள இரண்டும் 70-ஐத் தாண்டவில்லை. அவ்விரண்டிலும் ஒரு கரண்டி ஒயில் விட்டு மறுபடி சோதித்தார். பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்ததால் அழுத்தம் குறைந்திருந்தால், ஒயில் அந்த இடைவெளியை அடைத்து அளவை உயர்த்தியிருக்கும். அளவு அசையவில்லை. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒன்றாகத் தளர்ந்திருப்பதும் ஒயிலுக்கு அசையாததும் சேர்ந்து, அவற்றின் நடுவே கேஸ்கட் எரிந்து போயிருப்பதையும், மூன்றாவதில் அது தண்ணீர்ப் பாதை வரை உடைந்திருப்பதையும் நிரூபித்தன. ஹெட்டைக் கழற்றியபோது, அவர் விரல் வைத்துச் சொன்ன இடத்திலேயே கருகல் தெரிந்தது.

இத்தோடு நின்றுவிடலாம்; பலர் நின்றுவிடுகிறார்கள். கேஸ்கட் எரிந்தது ஒரு விளைவு என்றும், காரணத்தைக் காணாமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே ஏற்றத்தில் எரியும் என்றும் சொல்லி, அவர் ரேடியேட்டர் மூடியைக் கையிலெடுத்தார். அதன் ரப்பர் இறுகி வெடித்திருந்தது. அச்சிறு மூடியின் மகத்துவம் இந்த உயரத்தில்தான் முழுமையாக விளங்குகிறது. அப்புத்தளையின் உயரத்தில் திறந்த பாத்திரத்திலுள்ள நீர் ஏறக்குறைய 95 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். நல்ல மூடியொன்று உள்ளே அழுத்தத்தைக் காத்து, அந்தக் கொதிநிலையை 115 அளவுக்கு உயர்த்துகிறது. மூடி கெட்டால் அந்த இருபது பாகைப் பாதுகாப்பும் போய்விடும். ரேடியேட்டரின் கீழ்க் குழாய்களோ, கூலண்ட் கலவாமல் பல வருஷங்களாக ஊற்றிய வெறுந்தண்ணீரின் துருவாலும் படிவாலும் பாதி அடைபட்டிருந்தன. இரும்பு ப்ளொக்கின் மேல் அலுமினிய ஹெட் அமர்ந்திருக்கும் எஞ்சின் அது. சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், மிகைச் சூடு ஹெட்டை வளைத்துவிடுகிறது. நேர்ச்சட்டத்தை வைத்து, 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைவு கூடாத இடத்தில், 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள அளவுத் தகடு தடையின்றி நுழைவதைக் காட்டினார். ஹெட் லேத்துக்கு அனுப்பப்பட்டது.

அந்த ஓய்வு நேரத்தில்தான் அவருடைய கொப்பியைப் பார்த்தேன். வழக்கமாக வரும் ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒயில் மாற்றிய திகதி, மீட்டர் கணக்கு, பெல்ட், மூடி, பிரேக் என்று எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஆசிரியரின் பக்கத்தில் கடைசிப் பதிவுக்குப் பின் வெற்றிடம் நீண்டிருந்தது. அந்தப் பழக்கம் அவருக்குத் தந்தையிடமிருந்து வந்தது. தேயிலை ஸ்டோரில் டீசல் எஞ்சின் ரோலர்களைச் சுழற்றிய காலத்தில் எஞ்சின் அறையில் வேலை செய்த தந்தை, ஒயில் அழுத்தத்தையும் தண்ணீரின் சூட்டையும் தவறாது குறித்து வைப்பாராம். ஜூலை முதல் செப்டம்பர் வரை உலர்ந்த காற்று வீசி ஊவாத் தேயிலைக்கு அதன் விசேஷ மணத்தைத் தரும் பருவத்தில் எஞ்சின் நின்றால், வாடிய கொழுந்து அறைக்கு அறை கெட்டுப்போகும். அந்த நஷ்டத்தின் பயம் ஸ்டோர்க்காரர்களுக்குக் கிரமத்தைக் கற்பித்திருந்தது. “கவ்வாத்துத் தவறினா மல கெட்டுப் போகும்ல, அதே கணக்குதான் சேர்” என்று, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தை நினைவூட்டி பாஸ் ஆசிரியரிடம் சொன்னபோது, தோட்டத்தில் பிறந்த எவருக்கும் வேறு விளக்கம் தேவைப்பட்டிராது.

கம்பெனிப் புத்தகங்கள் ஐயாயிரம் கிலோமீட்டர் என்று சொல்லும் ஒயிலை, இம்மலைகளில் அவர் மூவாயிரத்திலேயே மாற்றச் சொல்கிறார். தாழ்ந்த கியரில் ஏறும் எஞ்சின், அதே தூரத்தைச் சமவெளியில் ஓடுவதைவிடப் பன்மடங்கு சுழல்கிறது என்பதால் இது நியாயமே. இந்நாட்டின் சமீப காலச் சரித்திரமும் அவர் பக்கமே நிற்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில், 2022-இல், டொலரின் விலை இருநூறு ரூபாய் அளவிலிருந்து 360-ஐத் தாண்டியபோது உதிரிப்பாகங்கள் எட்டாத உயரத்துக்குப் போயின. புதியது கிடைக்காத அந்த வருஷங்களில் ஆசிரியர்களையும் நோயாளிகளையும் மரக்கறி மூட்டைகளையும் சுமந்தவை இத்தகைய கராஜ்கள் ஜீவனோடு வைத்திருந்த பழைய வாகனங்களே. இக்கைகளுக்கு உரிய மரியாதையை நாம் இன்னும் செலுத்தவில்லை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பழுது வராமல் காக்கும் உழைப்புக்கு அடையாளமே மிஞ்சுவதில்லையாதலால், அதற்குக் கூலி பேசுவதும் கடினமாகிறது.

ஹெட் திரும்பி வந்ததும், புதிய கேஸ்கட்டைப் பதித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி, மூன்று தடவையாக, டோர்க் ஸ்பானரின் அளவுப்படி போல்ட்டுகளை இறுக்கினார். பையன் ஒவ்வொரு எண்ணையும் உரக்கச் சொன்னான். கழுவிய ரேடியேட்டர், கூலண்ட், புதிய மூடி, புதிய ஒயில் எல்லாம் முடிந்து எஞ்சின் ஓடத் தொடங்கியபோது, குழம்பியதன் எச்சம் உள்ளே தங்கியிருக்குமாதலால் ஐந்நூறு கிலோமீட்டரில் ஒயிலை மறுபடி மாற்ற வேண்டும் என்று சொல்லி, அந்த மீட்டர் கணக்கைக் கொப்பியிலும் ஆசிரியரின் கைக்குறிப்பிலும் எழுதுவித்தார். மடுல்சீமைப் பக்கத்துக் கொழுந்து லொறி ஒன்று பிரேக் பார்க்க வந்து வாசலில் காத்திருந்தது. அதன் சாரதியிடம் அவர் தம் கேள்விகளைத் தொடங்கியிருந்தார்.