சாவி யாரிடம் இருக்கிறது?

பதிப்பாளருடன் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தில் ஒரு சொல் பிசகினாலும் மாதக்கணக்கில் பேசித் தீர்க்கும் எழுத்தாளர்களை நாம் அறிவோம். மறுபதிப்புக்கு அனுமதி உண்டா, மொழிபெயர்ப்பு உரிமை யாருக்கு, முன்னுரையை நீக்கலாமா என்றெல்லாம் கேட்கத் தெரிந்த அதே நண்பர்கள், கணினித் திரையில் நீண்ட உரிமப் பத்திரமொன்று விரியும்போது முதல் வரியைக்கூடப் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. யாரும் படித்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு எழுதப்பட்டவை போலவே அப்பத்திரங்கள் இருக்கின்றன. ஆயினும் ஓர் இதழை இணையத்தில் நடத்த முற்படுபவருக்கு அதுவும் பதிப்புரிமை சார்ந்த விவகாரமே என்பது எங்கள் துணிபு. எழுத்து யாருடையது என்று கேட்பதோடு, அந்த எழுத்தைத் திறக்கும் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

நாங்கள் சில நண்பர்கள் சிற்றிதழ்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுக்கும் வேலையை ஓய்வு நேரங்களில் செய்துவருகிறோம். கூலி பெரும்பாலும் புத்தகங்களாகவே வந்து சேரும். ஒரு தளத்துக்கு எழுத்துரு வேண்டும், கட்டுரைகளை ஏற்றவும் திருத்தவும் ஒரு மென்பொருள் வேண்டும், தரவுத்தளம் வேண்டும், தேடவும் படங்காட்டவும் சிறு சிறு நிரல் தொகுப்புகள் வேண்டும். இவை ஒவ்வொன்றும் தனக்கென ஓர் உரிமத்தோடு வருகிறது. இதழாசிரியர்கள் எங்களிடம் முதலில் கேட்பது 'இலவசமா?' என்பதை. அடுத்து 'அழகாக இருக்குமா?' என்பதை. 'இதைச் செய்தவர் நாளை கடையை மூடிவிட்டால் என்ன ஆகும்?' என்ற மூன்றாவது கேள்வியை ஏறக்குறைய எவரும் கேட்பதில்லை. அக்கேள்விக்கான விடை உரிமப் பத்திரத்தில்தான் இருக்கிறது.

தொண்ணூறுகளில் வெளிவந்து நின்றுபோன ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களை வலையேற்றும் பொறுப்பு சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் வந்தது. ஆசிரியர் காலமாகிவிட்டிருந்தார். குடும்பத்தார் ஒரு குறுந்தகட்டைக் கொடுத்தார்கள். கூடவே தீப்பெட்டி அளவிலான ஒரு பூட்டையும் கொடுத்தார்கள். கணினியின் பின்புறம், அக்காலத்தில் அச்சுப்பொறியை இணைத்த துளையில் அதைச் செருக வேண்டும். அன்றைய தமிழ் அச்சுக்கோப்பு மென்பொருள்கள் இப்படியொரு பூட்டோடு விற்கப்படுவது வழக்கம். ஒரு பூட்டுக்கு ஒரு கணினி. பூட்டு இல்லையேல் மென்பொருள் இயங்காது. இன்றைய கணினிகளில் அந்தத் துளையே இல்லை. விற்ற நிறுவனத்தின் பழைய முகவரியில் வேறொரு கடை நடந்துகொண்டிருந்தது.

கோப்புகளைத் திறந்தபோது தமிழுக்குப் பதிலாக இலத்தீன் எழுத்துகளும் விசித்திரக் குறிகளும் வரிசைகட்டி நின்றன. ஒவ்வொரு நிறுவனமும் தமிழ் எழுத்துகளைத் தனக்குத் தோன்றிய இடங்களில் அடுக்கி, அந்த அடுக்குமுறையைத் தன் வணிக ரகசியமாக வைத்திருந்த காலம் அது. அச்சுப் பிரதிகளைப் பக்கத்தில் விரித்துவைத்து, எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்று நாங்களே அட்டவணை தயாரித்தோம். 'கொ' என்ற எழுத்து அக்கோப்புகளில் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருந்தது. ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னரே உயிர்க்குறி வர வேண்டும். அதையெல்லாம் மாற்றி அடுக்க ஒரு நிரலும் எழுத நேர்ந்தது. ஓர் இதழுக்கு மட்டும் அச்சுப் பிரதி எங்கு தேடியும் கிடைக்கவில்லை. அதிலிருந்த ஒரு சிறுகதையின் கடைசிப் பத்தியில், வேறெந்த இதழிலும் வந்திராத இரண்டு குறிகள் வருகின்றன. எழுதியவரும் இப்போது இல்லை. அவ்விரு இடங்களிலும் வெற்றுச் சதுரம் இட்டிருக்கிறோம்.

இதில் எவரும் எவரையும் ஏமாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கதையின் உரிமை எழுத்தாளரிடம் இருந்தது. இதழின் உரிமை ஆசிரியரிடம் இருந்தது. ஆசிரியர் மென்பொருளைப் பணம் கொடுத்தே வாங்கினார். அவருக்குக் கிடைத்ததோ ஒரு கணினியில், பூட்டு இருக்கும்வரை, பயன்படுத்திக்கொள்ளும் அனுமதி மட்டுமே. வீடு தம்முடையது என்று எண்ணியிருந்தவர் உண்மையில் ஒத்திக்குக் குடியிருந்தார்.

இதற்கு நேரெதிரான வரலாறும் தமிழில் உண்டு. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. அது தன் மின்னூல்களை 1999 முதல் வெளியிட்டது திஸ்கி என்ற குறியாக்கத்தில். அதுவும் இன்று வழக்கொழிந்த ஒன்றுதான். ஆனால் அதன் அட்டவணை எல்லோருக்கும் தெரியும்படி வெளியிடப்பட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் அதற்கு எழுத்துரு செய்யலாம், மாற்றி எழுதலாம். எனவே ஒருங்குறிக்குக் குடிபெயர்வது அந்நூல்களுக்குப் பெரிய சிரமமாக இருக்கவில்லை. இரண்டுமே பழைய நுட்பங்கள்தாம். ஒன்றைப் புரிந்துகொள்ள அனுமதி இருந்தது, மற்றதற்கு இல்லை. எஞ்சிய வேறுபாடு அவ்வளவே.

இணைய உலாவிகளும் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கின்றன. 1997-இல் வந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ஆகிய இரண்டும் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் வசதியைக் கொண்டுவந்தன. நெட்ஸ்கேப் நாடியது பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் நுட்பத்தை. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த வடிவத்தைப் புகுத்தியது. ஒன்று மற்றதில் இயங்காது. தமிழ்த் தளங்கள் பல இவற்றை நம்பியே நடந்தன. 2000-இல் வந்த நெட்ஸ்கேப் 6 முந்தைய வசதியைக் கைவிட்டது. மற்றதை வேறெந்தப் பெரிய உலாவியும் ஏற்கவில்லை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கே 2022 ஜூனில் ஓய்வு கொடுத்தாயிற்று. அப்பக்கங்களின் பிரதிகளை இன்று திறந்தால் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தாம் நம்மை வரவேற்கின்றன.

எழுத்துருவைத் தேர்வதில் நாங்கள் இப்போது காட்டும் கெடுபிடிக்குக் காரணம் இதுதான். விண்டோஸ் 2000 முதல் நமக்கு லதா எழுத்துரு பழக்கம். அது கணினியில் இருக்கிறது என்பதனாலேயே நம் தளத்தின் வழங்கியில் ஏற்றிப் பிறருக்கு அனுப்பும் உரிமை நமக்கு வந்துவிடுவதில்லை. விலைக்கு வாங்கும் எழுத்துருக்களிலும் அச்சுக்கு ஓர் உரிமம், இணையத்துக்கு வேறோர் உரிமம் என்று உண்டு. சில, மாதத்தில் எத்தனை பக்கங்கள் பார்க்கப்படுகின்றன என்ற கணக்கின்படி விலை வைக்கின்றன. எஸ்ஐஎல் அமைப்பின் திறந்த எழுத்துரு உரிமம் இந்தச் சிக்கலை அவிழ்க்கிறது. 2007-இல் அதன் 1.1 பதிப்பு வந்தது. பயன்படுத்தலாம், மாற்றலாம், தளத்தோடு பிணைத்து வழங்கலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது, மாற்றி வெளியிடுவதும் இதே உரிமத்தில்தான் இருக்க வேண்டும். நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை போன்றவை இவ்வுரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை எங்கள் வழங்கியிலேயே வைத்துக்கொள்கிறோம். கூகுளின் வழங்கியிலிருந்து எழுத்துருவைத் தருவித்து, வாசகரின் இணைய முகவரியை அவர் ஒப்புதலின்றி அந்நிறுவனத்துக்குத் தெரியப்படுத்தியதற்காக ஒரு தள உரிமையாளர் 100 யூரோ இழப்பீடு தர வேண்டுமென்று 2022 ஜனவரியில் மியூனிக் நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. சொந்த வழங்கியில் வைக்க உரிமமே இடந்தருகையில் இந்தத் தொல்லை எதற்கு?

கட்டுரைகளை ஏற்றும் மென்பொருளுக்கு வருவோம். கூட்டுப் பதிவு நடத்துவோர் அறிந்திருக்க வேண்டிய கதை ஒன்று உண்டு. 2001-இல் வந்த மூவபிள் டைப், வலைப்பதிவர்களிடையே பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தது. இலவசமாகத்தான் கிடைத்தது, ஆனால் கட்டற்ற மென்பொருள் அல்ல. 2004 மே மாதம் அதன் மூன்றாம் பதிப்பு வந்தபோது, எத்தனை பதிவுகள், எத்தனை எழுதுவோர் என்ற கணக்கில் கட்டணம் வைக்கப்பட்டது. பலர் சேர்ந்து எழுதும் தளங்களுக்கு அது இடியாக இறங்கியது. நிறுவனம் செய்ததில் சட்டப்பிழை எதுவும் இல்லை. விலை வைக்கும் உரிமை அதற்கு எப்போதுமே இருந்தது.

வெளியேறியவர்களில் பலர் போய்ச் சேர்ந்த இடம் வேர்ட்பிரஸ். அது பிறந்த விதம் இன்னும் சுவையானது. மிஷேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிய பி2 என்ற மென்பொருளை மேட் முல்லன்வெக் பயன்படுத்திவந்தார். 2003 தொடக்கத்தில் வால்ட்ரிகியிடமிருந்து மாதக்கணக்கில் தகவலில்லை. புதிய பதிப்புகளும் இல்லை. ஆனால் பி2 ஜிபிஎல் உரிமத்தில் வெளியிடப்பட்டிருந்தது. எனவே யாரையும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்காமலேயே முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸின் முதல் பதிப்பு வந்தது. இன்று உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் அதில் நடக்கின்றன. இல்லாமற்போனவரின் அனுமதி முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பதே இதன் சாரம்.

தமிழ் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்க முடியாது. பாரதியின் படைப்புகள் 1949-இல் அரசுடைமை ஆக்கப்பட்ட பிறகு அவை எத்தனை பதிப்பகங்களின் வழியே எத்தனை வீடுகளுக்குள் சென்றன என்பதை நாம் பார்த்திருக்கிறோம். கட்டற்ற உரிமம் என்பது ஆக்கியவர் தம் வாழ்நாளிலேயே, அரசின் கைநோக்காமல், தாமே செய்துவைக்கும் ஏற்பாடு. அதில் இரு வழிகள் உண்டு. எம்ஐடி போன்ற உரிமங்கள் பதிப்புரிமைக் குறிப்பை நீக்காதவரை எதையும் செய்துகொள்ள விட்டுவிடுகின்றன. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1989-இல் எழுதிய ஜிபிஎல், பெற்ற சுதந்திரத்தை அடுத்தவருக்கும் கடத்த வேண்டும் என்று நிபந்தனை வைக்கிறது. பந்தியில் உண்டவர் அடுத்த பந்திக்குப் பரிமாறவும் வேண்டும் என்பது போல.

பத்திரத்தின் அடியில் இருக்கும் ஒரு பத்திகூட எவ்வளவு ஆட்டிவைக்கும் என்பதற்கு ஃபேஸ்புக்கின் ரியாக்ட் சாட்சி. காப்புரிமை தொடர்பில் அந்நிறுவனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தால் தான் தந்த காப்புரிமை அனுமதி ரத்தாகும் என்றொரு விதி அதனோடு ஒட்டியிருந்தது. 2017 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் அதைக் கைவிடப்போவதாக அறிவித்தது; சில நாட்களிலேயே ஃபேஸ்புக் எம்ஐடி உரிமத்துக்கு மாறியது. நல்லெண்ணமும் இடையூறாகலாம். டக்ளஸ் கிராக்ஃபோர்ட் தம் ஜேசன் நிரலின் உரிமத்தில், இதை நன்மைக்கே பயன்படுத்த வேண்டும், தீமைக்கு அன்று என்று ஒரு வரி சேர்த்தார். அறநூலில் அழகாக இருந்திருக்கும். பயன்பாட்டுக்கே அது கட்டுப்பாடு விதிப்பதால் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதைக் கட்டற்ற உரிமமாக ஏற்க மறுத்தது.

விலைகொடுத்து வாங்குவதற்கு நாங்கள் எதிரிகள் அல்லர். நல்லதோர் எழுத்துருவைச் செதுக்க ஆண்டுகள் பிடிக்கும். செதுக்குபவரும் உண்ண வேண்டும். உரிமம் ஒன்றே காத்துவிடும் என்ற மயக்கமும் எங்களுக்கில்லை. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் உரிமத்தை இறுக்கியது. பழைய பதிப்பு திறந்த உரிமத்தில் இருந்ததால் சில நாட்களில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி என்ற கிளை முளைத்தது. அங்கே கிளையை வளர்க்கப் பெரிய நிறுவனங்களின் பொறியாளர்கள் இருந்தார்கள். ஒரு சிற்றிதழின் தளத்துக்கு அப்படி யார் வருவார்கள்? உரிமம் தருவது அனுமதி மட்டுமே; உழைப்பை நாம்தான் கொண்டுவர வேண்டும். பி2 பிழைத்தது உரிமத்தால் மட்டுமன்று, இருவர் முன்வந்ததாலும்தான்.

ஆகவே இப்போதெல்லாம் ஒரு தளத்தை ஒப்படைக்கும்போது கூடவே ஒரு சிறு கோப்புறையையும் தருகிறோம். பயன்படுத்திய கருவிகளின் பெயரும் பதிப்பு எண்ணும், அவற்றின் உரிமப் பத்திரங்கள், எழுத்துருக் கோப்புகள், இதழில் வந்த அனைத்தும் எளிய ஒருங்குறி உரையாக ஒரு பிரதி. தரவுத்தளமும் வேர்ட்பிரஸும் ஒருநாள் மறைந்துபோனாலும் அந்த உரையை எந்தக் கணினியிலும் திறக்கலாம். கட்டுரையாளர்களிடம் வலையேற்ற அனுமதி பெற்ற கடிதங்களும் அதிலேயே இருக்க வேண்டும் என்று ஆசிரியர்களை வற்புறுத்துகிறோம். நம் சிற்றிதழ்களில் அந்த ஒரு தாள்தான் பெரும்பாலும் இருப்பதில்லை. முப்பது ஆண்டு கழித்து நாம் அறியாத யாரோ ஒருவர் அந்தக் கோப்புறையைத் திறக்கக்கூடும். அவர் எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் கதையின் கடைசிப் பத்திவரை சதுரமின்றிப் படித்துவிட்டால் போதும்.