எலுமிச்சம்பழமும் மின்சாரமும்

பிரிஞ்சாங் மலைத் தோட்டமொன்றில் கிராணியாயிருக்கும் நாம், ஒரு நள்ளிரவில், காய்ச்சல் முற்றிய குழந்தையொன்றையும் அதன் தாயையும் நமது காடியில் ஏற்றிக்கொண்டு தானா ராத்தா மருத்துவமனைக்கு விரைந்தோம். முன்னறிவிக்கக் கைப்பேசியை எடுத்தால் லைன் அடியோடு இல்லை. வளைவொன்றில் நிறுத்தி இறங்கி நின்ற பிறகே கிடைத்தது. குழந்தை பிழைத்தது, வீணான நிமிடங்கள் மட்டும் நம் நெஞ்சை அறுத்தன.

"காடிக்குக் கண்ணூறு, கிராணி ஐயா! எலுமிச்சம்பழம் கட்டுங்கள்" என்றனர் லயத்துப் பெரியோர். நாமோ பகலில் அதே வளைவுக்குச் சென்று சோதித்தோம். எந்திரம் நின்றபோது காடிக்குள் லைன் உண்டு, ஓடியபோதும் உண்டு, முன்கண்ணாடிக் கேமராவின் சார்ஜரைச் செருகியதும் மறைந்தது, பிடுங்கியதும் மீண்டது. பேய் அகப்பட்டது!

மின்சாரம் சடுதியில் ஏறியிறங்கினால் கம்பியில்லா அலை எழும். ஹெர்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1888-இல் மின்பொறியைக் கொண்டு மெய்ப்பித்தது இவ்வுண்மையையே. 12 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட்டாக்கும் சார்ஜர், வினாடிக்கு லட்சக்கணக்கான முறை மின்னோட்டத்தை வெட்டி ஒட்டுகிறது. மலிவுச் சரக்கில் தடுப்பு இராது. அதன் கம்பியே அலைபரப்பும் கம்பமாகிவிடும். கோபுரம் அருகிலுள்ள நகரில் இது தெரியாது. மலைச்சரிவில் தேய்ந்துவரும் அலையோ, சந்தை இரைச்சலில் மெல்லிய பேச்சைப்போல் அமிழ்ந்துவிடும்.

நல்ல சார்ஜர் வாங்கினோம். கம்பியில் பெரைட் வளையம் பூட்டினோம். கைப்பேசியைத் தள்ளி வைத்தோம். அவ்வளைவில் இன்று காடிக்குள்ளிருந்தே பேசுகிறோம்.

எலுமிச்சம்பழம் தாகத்திற்கு நல்லது, தோழர்களே. கோளாறுக்கு வேண்டுவது, ஒவ்வொன்றாய்க் கழற்றிப் பார்க்கும் பொறுமையே.