அப்புச்சியும் அரை எச்.பி. மோட்டாரும்



காலாண்டு விடுமுறைக்குப் பெரியம்மா ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்தோம். வந்து சுவிட்சைப் போட்டால் எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் 'உம்ம்' என்று உறுமியது, ஓடவில்லை. மெக்கானிக் அண்ணன் வந்து வெளியில் இருந்தே பார்த்துவிட்டு, "காயில் போயிருச்சு, 2,000 ரூபாய் ஆகும்" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. தொட்டியில் இருந்து குடம் குடமாகத் தூக்க ஆரம்பித்துவிட்டார்.

திண்ணையில் இருந்த அப்புச்சி என்னைக் கூப்பிட்டார். அவர் கோயம்புத்தூரில் பம்பு பட்டறையில் வேலை பார்த்தவர். கோவையில் 1937-லேயே மின்மோட்டார் செய்துவிட்டார்கள் என்று பெருமையாகச் சொல்லுவார். இப்போது கண்ணில் புரை, கையும் நடுங்கும். அதனால் வீட்டில் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை.

"உம்முன்னு சத்தம் வருதல்லோ? அப்பக் காயிலுக்குக் கரண்டு போகுது அம்மிணி. ஒண்ணு கண்டன்சர் போயிருக்கோணும், இல்லாட்டி இம்பெல்லர் சிக்கியிருக்கோணும். கழட்டிப் பாக்காமக் காசு குடுக்கப்படாது. எனக்குக் கண்ணு தெரியாது, நீ கழட்டு" என்றார்.

"பொட்டப்புள்ள கையில ஸ்பானரா?" என்று சித்தி சிரித்தார். அப்புச்சி, "ஸ்பானருக்கு ஆணு பொண்ணு தெரியுமா?" என்றார்.

முதலில் மெயினை ஆஃப் செய்து, ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி அப்புச்சி தன் மடியில் கட்டிக்கொண்டார். நிறுத்திய பிறகும் கண்டன்சரில் கரண்டு தங்கி இருக்கும், அந்தப் பக்கம் கையே வைக்கக்கூடாது என்றார். பின்பக்க மூடியைக் கழட்டி ஃபேனைக் கையால் சுற்றினேன். அசையவே இல்லை. "சிக்கித்தான் கெடக்குது" என்று அப்புச்சி முகம் மலர்ந்தது.

13-ஆம் நம்பர் ஸ்பானரில் நான்கு போல்ட்டுகளைக் கழட்டினேன். உள்ளே பித்தளை வட்டு. அதுதான் இம்பெல்லர். ஓரம் முழுவதும் சின்னச் சின்னப் பற்கள். நிமிடத்துக்குச் சுமார் 2,800 தடவை சுற்றி இந்தப் பற்கள்தான் தண்ணீரை மேலே தள்ளுகின்றன. வட்டுக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் ஒரு காகிதக் கனம்தான் இடைவெளி. எங்கள் ஊர் உப்புத்தண்ணி. பத்து நாள் ஓடாமல் நின்றதில் உப்பும் துருவும் சேர்ந்து இடைவெளியை அடைத்துவிட்டது.

மெதுவாக நெம்பி வட்டை எடுத்தேன். அம்மா குத்துவிளக்குக்குப் போடுகிற புளியைக் கொடுத்தார். தேய்த்ததும் பளபள என்று ஆகிவிட்டது. இரும்பை நைஸ் உப்புத்தாளில் தேய்த்தேன். அப்புச்சி வட்டை வாங்கி ஒவ்வொரு பல்லாக விரலால் தடவி, "ஒரு பல்லும் ஒடையலீ" என்றார். அப்போது அவர் கை நடுங்கவில்லை. நான் பார்த்தேன்.

15 ரூபாய்க்குப் புது பேக்கிங் வைத்து, போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். ஒரே பக்கம் முடுக்கினால் மூடி சாய்ந்து மறுபடியும் உரசுமாம். பிறகு பம்பு நிறையத் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் இல்லாமல் ஓடினால் உள்ளே இருக்கிற சீல் சூட்டில் கெட்டுவிடும்.

சுவிட்சைப் போட்டது அம்மா. மேல் தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டதும் அம்மா குடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

தோழிகளே, மோட்டார் உறுமினால் உடனே நிறுத்துங்கள், விட்டால்தான் காயில் எரியும். ஊருக்குப் போய்வந்தால் மெயினை ஆஃப் செய்துவிட்டு, ஃபேனைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் எதையும் கழட்டாதீர்கள். உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு அப்புச்சி இருப்பார், அவரிடம் கேளுங்கள்.

போன வாரம் பக்கத்து வீட்டு மோட்டார் நின்றுவிட்டது. அவர்கள் எங்கள் வாசலுக்கு வந்து, "அப்புச்சியும் பேத்தியும் இருக்கீங்களா?" என்று கேட்டார்கள்.



— 9-ஆம் வகுப்பு மாணவி